ஃப்ளைவீல் ரிக் சார்ஜ் ஏறவில்லையா, ஏறியது திரும்ப வரவில்லையா: அறிகுறியை வைத்துக் கோளாறு பிடிப்பது

ப்ராஜெக்ட் சீசன் வந்துவிட்டால் வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்து லேத் பட்டறைகளில் டிப்ளமோ, இன்ஜினியரிங் பிள்ளைகள் ஃப்ளைவீல் (சுழற்சியில் ஆற்றலைச் சேமித்து வைக்கும் கனமான சக்கரம்) கடைந்து தரச் சொல்லி வந்து நிற்பார்கள். சக்கரம் கடைவது பெரிய வேலை இல்லை. அதை மோட்டாரோடு கோர்த்து, கரண்டை உள்ளே ஏற்றி, ஏற்றியதைத் திரும்ப எடுக்கும்போதுதான் ஒவ்வொன்றாக மக்கர் பண்ணும், ரிவ்யூ நெருங்கும் நேரம் பார்த்து "அண்ணா, வீல் சூப்பரா சுத்துது, பல்பு மட்டும் உடனே அணைஞ்சிடுது" என்று போன் வரும். அப்படி வரும் கோளாறுகளை, கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதிலிருந்தே பிடிக்கிற மாதிரி இங்கே எழுதி வைக்கிறேன்.

எடுத்துக்கொள்ளும் ரிக் இந்தப் பக்கம் நிறையப் பேர் செய்யும் அளவுதான். 300 மில்லிமீட்டர் விட்டம், 40 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) வட்டு, ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் கூடுகளான இரண்டு பிளம்மர் பிளாக், 48 வோல்ட்டில் சும்மா ஓடினால் 3000 ஆர்.பி.எம். போகும் 500 வாட் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத, காந்தம் வைத்த) மோட்டார், அதற்கு ஒரு கன்ட்ரோலர், சார்ஜ் ஏற்ற எஸ்.எம்.பி.எஸ். (ஏ.சி-யை 48 வோல்ட் டி.சி. ஆக்கும் பவர் சப்ளை), டிஸ்சார்ஜுக்கு, வரும் ஏ.சி-யை டி.சி. ஆக்கும் டயோடு பிரிட்ஜும் அதற்குப் பின்னால் வோல்டேஜைச் சீராக்கும் ஒரு கன்வர்ட்டரும். வட்டு 22 கிலோ வரும். 3000-இல் சுற்றும்போது அதற்குள் இருப்பது ஏறக்குறைய 12,300 ஜூல் ஆற்றல் (ஒரு வாட் ஒரு நொடி ஓடினால் ஒரு ஜூல்). இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 9 வாட் எல்.இ.டி. பல்பை 22 நிமிடம் எரிக்கும், 70 வாட் சீலிங் ஃபேனை மூன்று நிமிடம்கூட ஓட்டாது. இந்தக் கணக்கை ஆரம்பத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் "சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது" என்று வரும் புகாரில் பாதி, சக்கரத்தில் எவ்வளவு இருந்தது என்றே பார்க்காததால் வருவது.

வேலை செய்யும் விதம் இவ்வளவுதான்: மோட்டார் தள்ளினால் சக்கரத்தின் வேகம் ஏறும், அதுதான் சார்ஜ். அதே மோட்டாரை ஜெனரேட்டராக்கி லோடு கொடுத்தால் சக்கரம் வேகம் இழந்துகொண்டே கரண்ட் தரும், அதுதான் டிஸ்சார்ஜ். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு போவதால் வேகம் பாதியானால் உள்ளே இருப்பது கால்வாசிதான். ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஜூல் எந்த வழியாக வெளியே போகிறது? டேக்கோமீட்டரும் (சுற்று வேகம் காட்டும் மீட்டர்) ஸ்டாப் வாட்சும் இருந்தால் பதில் கிடைத்துவிடும்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம், இதை யாரும் தாண்டிப் போகக் கூடாது. அந்த 12,300 ஜூல் என்பது அதே 22 கிலோ சக்கரத்தை 56 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் விழும் அடி. இரும்புத் தகட்டில் கார்டு (பாதுகாப்பு உறை) இல்லாமல் ஓட்டாதீர்கள், சக்கரத்தின் விளிம்புக்கு நேர் எதிரே யாரையும் நிற்க விடாதீர்கள். பழைய பவர் பிரஸ்ஸிலிருந்து கழற்றிய வார்ப்பிரும்புச் சக்கரம் எடைக்கு விலை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வருகிறார்கள். வார்ப்பிரும்புக்கு விளிம்பு வேகம் நொடிக்கு 30 மீட்டர் என்பது நெடுநாளாக இருக்கும் வரம்பு. நம் அளவுச் சக்கரத்தின் விளிம்பு 3000-இல் நொடிக்கு 47 மீட்டர் போகிறது. வார்ப்பிரும்பாக இருந்தால் 1900-க்கு மேல் போகவே வேண்டாம், விரிசல் கண்ணில் பட்டால் ஓட்டவே வேண்டாம். அப்புறம், மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டோம் என்று ஒயரில் கை வைக்காதீர்கள், சக்கரம் சுற்றும்வரை மோட்டாரின் மூன்று ஒயரிலும் கரண்ட் உண்டு.

"ஸ்டார்ட் கொடுத்தால் ஒரு உதறு உதறிவிட்டு ட்ரிப் ஆகிறது"

உதறுகிறது, முன்னும் பின்னும் ஆடுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் ஹால் சென்சார் (காந்தம் எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்வது) ஒயருக்கும் பேஸ் (மோட்டாருக்குக் கரண்ட் போகும்) ஒயருக்கும் வரிசை பொருந்தவில்லை. ஹால் ஒயரை அப்படியே விட்டுவிட்டு மூன்று பேஸ் ஒயரையும் மாற்றி மாற்றிப் போட்டால் மொத்தம் ஆறு விதம்தான் வரும். சரியான ஒன்றில் சத்தமில்லாமல், குறைந்த ஆம்பியரில் ஓடும். சுற்றுகிறது ஆனால் கரகரவென்ற சத்தத்தோடு ஆம்பியரை இழுக்கிறது என்றால் அதுவும் தப்பான வரிசைதான், அப்படியே விட்டுவிட்டால் கன்ட்ரோலர் போய்விடும். சக்கரத்தைக் கழற்றிவிட்டு வெறும் மோட்டாரில் இதைப் பாருங்கள்.

வெறும் மோட்டார் நன்றாக ஓடி, சக்கரம் மாட்டியதும் ட்ரிப் ஆனால் கோளாறு ஒயரில் இல்லை, உங்கள் அவசரத்தில் இருக்கிறது. 12,300 ஜூலைப் பத்து நொடியில் ஏற்ற வேண்டுமென்றால் சராசரியே 1,200 வாட் வேண்டும், இருப்பதோ 500 வாட் மோட்டார். ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டால் சராசரி 205 வாட் போதும். ஆனால் ஒரே டார்க்கில் ஏற்றும்போது கடைசி நொடிகளில் அதற்கு இரட்டிப்பு, 410 வாட் வரை கேட்கும், எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது இந்தக் கடைசி எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கன்ட்ரோலரில் ராம்ப் (வேகம் ஏற எடுக்கும் நேரம்) செட்டிங் இருந்தால் 60 நொடி வையுங்கள், இல்லையென்றால் த்ராட்டிலைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள்.

"ஒரு வேகத்துக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது"

மோட்டார் சுற்றச் சுற்ற அதற்குள்ளேயே எதிர் வோல்டேஜ் ஒன்று உண்டாகும். அது சப்ளை வோல்டேஜை நெருங்கிவிட்டால் உள்ளே கரண்டைத் தள்ள ஆளில்லை, வேகம் நின்றுவிடும். 48 வோல்ட்டில் 3000 போகும் மோட்டாருக்கு 36 வோல்ட் கொடுத்தால் 2250-தான் உச்சம், இது கோளாறு இல்லை. ஓடும்போதே கன்ட்ரோலர் வாசலில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ். லேபிளில் 48 இருக்கும், லோடில் 40 காட்டும், அப்படியென்றால் எஸ்.எம்.பி.எஸ்-க்கு ஆம்பியர் பத்தவில்லை அல்லது ஒயர் மெல்லிசு. அங்கே 48 சரியாக இருந்து, வேகம் மட்டும் 2400-இல் நின்று, ஆம்பியர் குறையாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் ஏதோ பிடிக்கிறது. அதற்கு அடுத்த பகுதி.

"நன்றாக ஏறுகிறது, சார்ஜை நிறுத்தியதும் மளமளவென்று வேகம் விழுகிறது"

இதைத்தான் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு சோதனை தெரிந்தால் மற்றதெல்லாம் பாதி முடிந்த மாதிரி. லோடு எதுவும் கொடுக்காமல் சக்கரத்தை 3000-க்கு ஏற்றி, த்ராட்டிலை மூடி, கன்ட்ரோலருக்கும் மோட்டாருக்கும் நடுவே முன்னாடியே போட்டு வைத்த மூன்று துருவ ஐசோலேட்டரை (மூன்று ஒயரையும் ஒன்றாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்) திறந்துவிட்டு, சும்மா ஓடவிடுங்கள். ஒவ்வொரு 100 ஆர்.பி.எம். விழவும் எத்தனை நொடி ஆகிறது என்று எழுதிக்கொண்டே வாருங்கள். ஓடும்போது ஒயரைக் கையால் பிடுங்க வேண்டாம், ஐசோலேட்டருக்காகும் சின்னச் செலவைப் பார்க்காதீர்கள்.

நம் சக்கரம் 3000-லிருந்து 2900-க்கு வர 20 நொடி எடுத்தால், போனது 806 ஜூல், அதாவது 40 வாட் சும்மா கரைகிறது. அப்புறம் 1500-லிருந்து 1400-க்கு எத்தனை நொடி என்று பாருங்கள், கதையே அங்கேதான் இருக்கிறது. அங்கேயும் அதே 20 நொடி என்றால் எல்லா வேகத்திலும் ஒரே அளவு பிடி இருக்கிறது, அது உராய்வு: பேரிங், சீல், எங்காவது கார்டில் உரசல். அங்கே 80 நொடி பக்கம் ஆனால் குற்றவாளி காற்று. காற்றின் பிடி வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதனால் மேலே விழுங்கும், கீழே விட்டுவிடும். இரண்டுக்கும் நடுவில் வந்தால் இரண்டுமே இருக்கிறது, பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

உராய்வு என்று தெரிந்தால் முதலில் பேரிங்கின் சீலைப் பாருங்கள். லிங்கி செட்டி தெருவில் பேரிங் வாங்கும்போது நம்பரை மட்டும் சொல்லிவிட்டு வந்தால், ரப்பர் சீல் போட்ட 2 ஆர்.எஸ். கையில் வரலாம். அந்த ரப்பர் உதடு உள்வளையத்தைத் தொட்டுக்கொண்டே ஓடும். தூசி உள்ள இடத்துக்கு அது நல்லது, ஆனால் நமக்கு ஒவ்வொரு வாட்டும் கணக்கு, தகடு மூடி போட்ட இசட் இசட் கேளுங்கள், அது தொடாது. கிரீஸை நிறைய அடைப்பதும் இதே மாதிரிதான், உருளும் குண்டுகள் கிரீஸைக் கடைந்துகொண்டே போய் சூடாக்கும். மூன்றில் ஒரு பங்கு நிரப்பினால் போதும். இரண்டு பிளம்மர் பிளாக்கும் ஒரே மட்டத்தில் இல்லாமல் போல்ட்டை முடுக்கியிருந்தால் ஷாஃப்ட் வளைந்த மாதிரி நின்று பேரிங்கைப் பிடிக்கும். போல்ட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால் எந்தப் போல்ட்டில் இலகுவாகிறது என்று கைக்கே தெரியும்.

காற்று என்றால் சக்கரத்தின் முகத்தில் பெரிய ஓட்டைகள், துருத்திய போல்ட் தலைகள் இல்லாமல் வழவழப்பாகக் கடையச் சொல்லுங்கள், ஆரக்கால் உள்ள சக்கரத்தை விட முழு வட்டுக்குக் காற்றுப்பிடி குறைவு. பெரிய நிலையங்களில் இதற்காகத்தான் காற்றையே எடுத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஸ்டீஃபன்டவுனில் 2011-இல் வந்த 20 மெகாவாட் நிலையத்தில் 200 ஃப்ளைவீல்கள், கார்பன் ஃபைபர் சக்கரம், வெற்றிட உறை, காந்த பேரிங், நிமிடத்துக்கு 16,000 சுற்று வரை. அதைப் பார்த்துவிட்டு அக்ரிலிக் பெட்டிக்குள் ரிக்கை வைத்து வேக்குவம் பம்ப் மாட்டலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். தட்டையான அக்ரிலிக் பலகை ஒரு சதுர மீட்டர் இருந்தால் அதன்மேல் பத்து டன் அளவுக்குக் காற்று அழுத்தும், உள்ளே சுற்றும் சக்கரம் வேறு. கல்லூரி ப்ராஜெக்டுக்கு அந்த ஆபத்து தேவையே இல்லை, காற்று இழப்பை அளந்து ரிப்போர்ட்டில் எழுதினாலே நல்ல வேலை.

ஐசோலேட்டர் திறந்திருக்கும்போது சக்கரம் நெடுநேரம் ஓடுகிறது, மூடியிருக்கும்போது சீக்கிரம் நிற்கிறது என்றால் ஜூல் ஒயர் வழியாகப் போகிறது. கன்ட்ரோலருக்குள் ஒரு மாஸ்ஃபெட் (கரண்டைத் திறந்து மூடும் ட்ரான்சிஸ்டர்) ஷார்ட் ஆகியிருக்கும், அல்லது டயோடு பிரிட்ஜில் ஒரு டயோடு போயிருக்கும், அல்லது த்ராட்டிலை மூடியதும் தானாக பிரேக் பிடிக்கும் செட்டிங் ஆனில் இருக்கும். சக்கரம் நின்ற பிறகு கையால் சுற்றிப் பாருங்கள், கடுக் கடுக்கென்று தடைபட்டுச் சுற்றினால் ஷார்ட் உறுதி.

"பல்பு பத்து நொடியில் அணைகிறது, சக்கரமோ இன்னும் வேகமாகச் சுற்றுகிறது"

அடிக்கடி வரும் போன் இதற்குத்தான். சக்கரத்தில் ஆற்றல் தீரவில்லை, வோல்டேஜ் விழுந்துவிட்டது. காந்த மோட்டாரிலிருந்து வரும் வோல்டேஜ் வேகத்தோடு நேராக இறங்கும்: 3000-இல் 48 என்றால் 2250-இல் 36, 1500-இல் 24. உங்கள் கன்வர்ட்டர் 36 வோல்ட்டுக்குக் கீழே கட் ஆகும் ரகம் என்றால் சக்கரம் முக்கால் வேகத்தில் இருக்கும்போதே கடையை மூடிவிடும், அதுவரை நீங்கள் எடுத்தது மொத்தத்தில் 44 சதவீதம்தான். 24 வரை வேலை செய்யும் கன்வர்ட்டர் போட்டால் 75 சதவீதம் எடுக்கலாம். ஆகவே வாங்கும்போது வெளியே எத்தனை வோல்ட் என்பதைவிட, உள்ளே எத்தனை வோல்ட் வரை தாங்கி ஓடும் என்று கேளுங்கள்.

பாதி வேகத்துக்குக் கீழேயும் எடுத்துவிடலாமே என்று தோன்றும். மிச்சமிருப்பது கால்வாசி, அதற்காக அடிக்கும் ஆம்பியரோ அதிகம், ஏனென்றால் அதே வாட் வேண்டுமென்றால் வோல்டேஜ் பாதியானதும் ஆம்பியர் இரட்டிப்பாகும், ஒயரில் சூடு நாலு மடங்காகும். உலகத்திலேயே பெரிய ஃப்ளைவீல்களில் சில இங்கிலாந்தில் கல்ஹாமில் ஜெட் (JET) என்ற அணுக்கருப் பிணைவு ஆய்வுக்காக வைத்திருந்தவை, ஒவ்வொரு ரோட்டாரும் 775 டன். அவைகூட 225 சுற்றில் ஆரம்பித்து ஏறக்குறைய பாதியோடு நிறுத்திக்கொள்ளும்.

இதே குடும்பத்துக் கோளாறு இன்னொன்று, டயோடு பிரிட்ஜை நேராக 48 வோல்ட் பேட்டரியில் மாட்டிவிட்டு சார்ஜ் போகவில்லை என்பது. பேட்டரி 50-க்கு மேல் நிற்கிறது, சக்கரம் தருவதோ உச்சத்திலேயே 48, எப்படிப் போகும்? நடுவே வோல்டேஜை உயர்த்தும் பூஸ்ட் கன்வர்ட்டர் வேண்டும், அல்லது ரீஜென் (பிரேக் பிடிக்கும்போது கரண்டைத் திருப்பி எடுக்கும் வசதி) உள்ள கன்ட்ரோலர் வேண்டும், அது மோட்டாரின் காயிலையே பூஸ்டுக்குப் பயன்படுத்திக்கொள்ளும்.

"டிஸ்சார்ஜுக்கு மாற்றியதும் டிரைவ் ஓவர் வோல்டேஜ் காட்டி நிற்கிறது, கெப்பாசிட்டர் வெடித்துவிட்டது"

சக்கரம் திருப்பித் தரும் கரண்டுக்குப் போக இடமில்லாதபோது இது நடக்கும். எஸ்.எம்.பி.எஸ். கரண்டைக் கொடுக்கும், வாங்காது. அப்போது எல்லாம் கெப்பாசிட்டர் தலையில் விழும், 63 வோல்ட் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் மொத்தமாகப் பிடித்து வைப்பது வெறும் 2 ஜூல், வருவதோ ஆயிரக்கணக்கில். எஸ்.எம்.பி.எஸ்-க்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே ஒரு வழி டயோடு போடுங்கள், அப்புறம் வோல்டேஜ் ஒரு அளவைத் தாண்டினால் தானாகச் சேரும் டம்ப் லோடு (மிச்சக் கரண்டைச் சூடாக்கிக் கரைப்பது) ஒன்று போடுங்கள். 10 ஓம் ஹீட்டர் காயில் 48 வோல்ட்டில் 230 வாட்டை விழுங்கும், நமக்கு அது போதும்.

இண்டக்ஷன் மோட்டாரும் வி.எஃப்.டி-யும் (ஃப்ரீக்வன்சியை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்) வைத்துச் செய்தவர்களுக்கும் இதேதான். அதில் ஃப்ரீக்வன்சியைக் குறைத்தால் சக்கரம் காந்தப் புலத்தை முந்திக்கொண்டு ஓடும், உடனே மோட்டார் ஜெனரேட்டராகி, டிரைவுக்குள் இருக்கும் டி.சி. பஸ்ஸில் (கெப்பாசிட்டர் உள்ள டி.சி. லைன்) வோல்டேஜை ஏற்றும். 230 வோல்ட் டிரைவில் பஸ் சாதாரணமாக 325 இருக்கும், 400 பக்கம் போனால் ட்ரிப். சாதாரண வி.எஃப்.டி-யின் முன்பக்கம் டயோடு பிரிட்ஜ், ஈ.பி. லைனுக்குத் திரும்ப எதுவும் போகாது. இறங்கும் நேரத்தைக் கூட்டுங்கள் அல்லது பிரேக்கிங் ரெசிஸ்டர் மாட்டுங்கள். சப்ளையை முழுவதும் எடுத்துவிட்டு இண்டக்ஷன் மோட்டாரிலிருந்து கரண்ட் வரவில்லை என்று பார்த்தால் வராதுதான், அதற்குள் நிரந்தரக் காந்தம் கிடையாது, புலத்தை வெளியிலிருந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"அதிருகிறது"

கரண்டை நிறுத்திப் பாருங்கள். நிறுத்திய நொடியே அதிர்வு அடங்கினால் மின்சாரக் கோளாறு, பேஸ் ஒன்று சரியில்லை. நிறுத்தியும் தொடர்ந்தால் சக்கரத்தில். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் மேசையே ஆடி, அதைத் தாண்டினால் அமைதியாகிறது என்றால் அது ஃப்ரேமின் ஒத்ததிர்வு, ஃப்ரேமுக்குக் குறுக்குச் சட்டம் பற்ற வையுங்கள், அந்த வேகத்தில் நிற்காமல் கடந்து போங்கள். வேகம் ஏற ஏற அதிர்வும் ஏறிக்கொண்டே போனால் பேலன்ஸ் இல்லை. விளிம்புக்குப் பக்கத்தில் 10 கிராம் கூடுதலாக இருந்தால் 3000-இல் அது 14 கிலோ எடையின் பலத்தோடு நொடிக்கு 50 தடவை பேரிங்கை இழுக்கும். கீவே (ஷாஃப்டோடு பூட்டுவதற்கான பள்ளம்) வெட்டிய பக்கம் எடை குறைந்திருக்கும், அதைச் சரிக்கட்டாமல் விட்டதுதான் நான் அதிகம் பார்க்கும் காரணம். கத்தி முனை போன்ற இரண்டு நேர்ச் சட்டங்களில் ஷாஃப்டை உருட்டிவிட்டு, கனமான பக்கம் கீழே வந்து நிற்பதைக் குறித்து, அங்கே கொஞ்சம் கொஞ்சமாகத் துளையிட்டு எடுங்கள். இதைச் சரி செய்யாமல் ரிவ்யூவுக்கு எடுத்துப் போகாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

"உள்ளே போட்டதை விட வெளியே வருவது குறைவு"

இது கோளாறே இல்லை. மோட்டாரில் 85 சதவீதம், எலக்ட்ரானிக்ஸில் 90 என்று வைத்தாலும், போக ஒரு முறை, வர ஒரு முறை பெருக்கினால் 58 சதவீதம் வரும். அதற்கு மேல் சார்ஜுக்கும் டிஸ்சார்ஜுக்கும் நடுவே ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டால் 2,000 ஜூலுக்கு மேல் போய்விடும். மோட்டார், பெல்ட், ஃப்ளைவீல், ஜெனரேட்டர் என்று கோர்த்து, ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் பல்பு எரிகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு வீட்டு நகையை வைத்துப் பணம் போட வருகிறவர்கள் இருக்கிறார்கள். பல்பு எரிவது உண்மைதான், சக்கரத்தில் ஏற்கெனவே ஏற்றி வைத்தது தீரும்வரை எரியும். வாட் ஹவர் மீட்டரை இரண்டு பக்கமும் மாட்டி, சக்கரம் நின்ற நிலையிலிருந்து ஏறி மறுபடி நிற்கும்வரை அளந்தால் உண்மை தெரிந்துவிடும். ஃப்ளைவீலின் நிஜமான பலம் வேறு. கண் இமைக்கும் நேரத்தில் வாங்கும், கொடுக்கும், அதை எத்தனை ஆயிரம் தடவை செய்தாலும் பேட்டரி மாதிரிச் சீக்கிரம் தேயாது. அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் 3000 ஆர்.பி.எம்-இல் சுற்றும் டர்பைன் ரோட்டார்களும் லைனில் திடீர் லோடு விழும்போது இதைத்தான் செய்கின்றன, சுழற்சியில் இருக்கும் ஆற்றலிலிருந்து கொஞ்சம் கொடுத்து ஃப்ரீக்வன்சி சட்டென்று விழாமல் பிடித்துக்கொள்கின்றன.

"போன வருஷ ரிக், இப்போது கத்துகிறது"

எண்ணூரிலிருந்து காசிமேடு வரை கடல் காற்றில் ஒரு மழைக்காலம் சும்மா கிடந்த பேரிங் என்றால் குண்டும் பாதையும் தொட்ட இடத்தில் துருப்புள்ளி விழுந்திருக்கும். கையால் மெதுவாகச் சுற்றினால் ஒரே இடத்தில் தட்டுவது விரலுக்குத் தெரியும். வி.எஃப்.டி-யில் ஓடியது என்றால் ஷாஃப்ட் வழியாகப் பாய்ந்த கரண்ட் பாதையில் வரிவரியாகக் கோடு போட்டிருக்கும், அதற்கு ஒரு சீரான ஊளைச் சத்தம் வரும். இரண்டுக்கும் கிரீஸ் மருந்தில்லை, பேரிங்கை மாற்றுங்கள். மாற்றிய கையோடு 3000-லிருந்து சும்மா ஓடவிட்டு எடுத்த நொடிக்கணக்கை ஒரு அட்டையில் எழுதி ஃப்ரேமிலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்த வருஷம் அதை எடுத்து ஓட்டப்போகும் பிள்ளைக்கு எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது என்று அதிலேயே தெரியும்.